முப்பது கூடை வெற்றிலையும் ஒரு மோதல் கணக்கும்

என் பழைய துறையிலிருந்து விரிவுரையாளர் இருவர் சென்ற வாரம் என்னைக் காண வந்திருந்தனர். வரும் ஆண்டு முதல் இயற்பியலைத் தமிழில் நடத்த வேண்டுமாம். அதற்குக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நேர்கோட்டு மோதல் வரைக்கும் பேனா தடையின்றி ஓடியது என்றும், இரு திசைகளில் வரும் பொருள்கள் மோதும் பகுதிக்கு வந்ததும் நின்றுவிட்டது என்றும் சொன்னார்கள்.

"புத்தகத்துல பில்லியர்ட்ஸ் பந்துன்னு போட்டிருக்கு சார். மதுரையில எவன் சார் பில்லியர்ட்ஸ் ஆடுறான்? வேற எதாச்சும் சொல்லுங்க" என்றார் ஒருவர்.

"வெற்றிலை" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஓய்வு பெற்றவனின் மூளையைப் பற்றி அவர்கள் வாசலைத் தாண்டும்வரை பேசியிருக்க மாட்டார்கள், தாண்டியபின் பேசியிருப்பார்கள். அவர்களுக்கு அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் சேர்ந்தது செய்முறை ஆசிரியனாக. பட்டம் பெற்றது, ஈராண்டு வேலையின்றித் திரிந்தது, ஒரு பள்ளியில் கணக்கு நடத்தியது ஆகியவற்றில் சொல்லத்தக்கது எதுவுமில்லை. சொல்லத்தக்கது பேராசிரியர் வைத்தியநாதரிடமிருந்து தொடங்குகிறது. அவர் எங்கள் துறைத் தலைவர். குள்ளமான உருவம், வெள்ளைத் தலைப்பாகை, மூடிய கழுத்துக் கோட்டு. அந்தக் கோட்டின் மேற்பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம்.

மோதல் கணக்கை அவர் நடத்தும் முறை மாறாதது. ஆய்வுக்கூட மேசையின் மேல் கண்ணாடிப் பலகை ஒன்றைப் பரப்பி, அதன்மேல் கோலமாவைச் சலித்துத் தூவச் செய்வார். இரண்டு எஃகு உருண்டைகளை இரண்டு சரிவுகளிலிருந்து உருட்டுவோம். அவை மாவில் கோடு கிழித்துக்கொண்டு வந்து மோதி, வெவ்வேறு பக்கம் விலகி ஓடும். மோதலுக்கு முன்னிரண்டு, பின்னிரண்டு என நான்கு கோடுகளும் மாவில் அப்படியே நிற்கும். பிறகு தாளை எடுத்து நடுவே ஒரு கோடிழுத்து, இடப்பக்கத்தில் சிவப்பால் 'கிழக்கு' என்றும் வலப்பக்கத்தில் நீலத்தால் 'வடக்கு' என்றும் எழுதுவார். இந்த இரண்டு தலைப்புகளும் எழுதப்படாத தாளை அவர் திருத்தமாட்டார். விடை சரியாக இருந்தாலும் சுழியமே.

பொருளின் நிறையை அதன் வேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். மோதும்போது உந்தம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாமேயன்றி, மொத்தம் குறைவதுமில்லை, கூடுவதுமில்லை. கிழக்கு நோக்கிய உந்தத்தின் மொத்தம் கிழக்கிலேயே இருக்கும். வடக்கு நோக்கியது வடக்கிலேயே இருக்கும். ஒன்று மற்றொன்றின் வீட்டுக்குப் போகாது. கணக்கு முழுவதும் இவ்வளவுதான். ஆயினும் ஆண்டுதோறும் வகுப்பில் பாதிப்பேர் கிழக்கையும் வடக்கையும் கூட்டிவைப்பர். பேராசிரியர் தாளை இரு விரலால் தூக்கிப் பிடித்து, "ஓய், இவர் கிழக்குக்கும் வடக்குக்கும் கல்யாணம் பண்ணிவைச்சிருக்கார். நாம போய் ஆசீர்வாதம் பண்ணிட்டு வரலாமா?" என்று என்னைக் கேட்பார்.

இரண்டாம் உலகப் போர் மூள்வதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதத்தில், அவருடைய மாலை நடைத் தோழரான வழக்கறிஞர் சங்கரலிங்கம் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். சோழவந்தானிலிருந்து மதுரைக்கு வரும் சாலையில் ஒரு நாற்சந்தியில் விபத்து. கிழக்கு நோக்கி வந்த பேருந்தின் வயிற்றில், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வந்த கார் ஒன்று மூக்கைக் கொடுத்துவிட்டது. கார் பேருந்தின் அடியில் சிக்கிக்கொள்ள, இரண்டும் ஒன்றாகவே இழுபட்டுச் சாலையோரம் போய் நின்றன. உயிர்ச்சேதம் இல்லை, காரில் வந்த செல்வருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவருடைய தோள் முறிந்ததால் பேருந்து ஓட்டுநர் முத்துக்கருப்பன் மீது வழக்கு. தாம் பதினைந்து மைல் வேகத்தில் மெல்ல வந்ததாகவும், பேருந்து முப்பது மைல் வேகத்தில் பாய்ந்து வந்ததாகவும் செல்வர் எழுதிக்கொடுத்திருந்தார். குற்றம் உறுதியானால் சிறை. ஓட்டுநர் உரிமமும் போகும்.

"பார்த்த சாட்சி எல்லாம் கார்க்காரருக்கு வேண்டியவா. உம்ம கணக்கு யாருக்கும் வேண்டியதில்லையே, அது வந்து சாட்சி சொல்லுமா?" என்று கேட்டார் ஓட்டுநர் தரப்பு வழக்கறிஞரான அவர்.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். "ஓய், ஒரு நூல்கண்டு எடுத்துண்டு போய்ட்டு வாரும்" என்றார்.

மறுநாள் வழக்கறிஞருடன் சென்றேன். கப்பிச் சாலை, பேருந்தின் முன்சக்கரம் ஒடிந்திருந்ததால் அச்சு கற்களைப் பெயர்த்துக்கொண்டே போயிருந்தது. அந்தத் தழும்பு அழியாமல் இருந்தது. மோதிய இடத்தில் ஒரு முளையும், வண்டிகள் நின்ற இடத்தில் ஒரு முளையும் அடித்து நூலைக் கட்டினேன். சாலையின் போக்கிலேயே கிழக்கு நோக்கி மற்றொரு நூல். இரண்டுக்கும் இடையே உள்ள விலகலை அளந்தேன். கிழக்கே ஐந்தடி போனால் வடக்கே இரண்டடி என்ற வீதம் தொடக்கம் முதல் முடிவு வரை மாறவில்லை. சாலையில் காய்ந்த வெற்றிலைகள் அங்கங்கே கிடந்தன. கவனித்தேன், கவனித்ததோடு சரி. மதுரைச் சீமையில் சாலையில் வெற்றிலை கிடப்பதை எவன் குறித்துவைப்பான்? மழை பெய்தால் ஈரம் இருப்பதைக் குறித்துவைப்பதற்கு ஒப்பாகும் அது. என் தொழில் வாழ்வில் நான் செய்த பெரும்பிழை இதுதான் என்பதைப் பின்னால் அறிந்தேன்.

எத்தனை அடி இழுபட்டன என்பதைக் கொண்டு வேகத்தைக் கண்டுபிடிக்கலாமே என்றேன். பேராசிரியர் ஒப்பவில்லை. "கப்பிச் சாலையோட உராய்வு உமக்குத் தெரியுமா? தெரியாது. தெரியாததைப் பெருக்கினா தெரியாதது பெரிசாகும். வீதத்தை மட்டும் சொல்லும்" என்றார்.

வீதம் எளியது. ஒட்டிக்கொண்டு நகர்ந்த இரு வண்டிகளுக்கும் கிழக்கு உந்தம் ஐந்து பங்கு. வடக்கு உந்தம் இரண்டு பங்கு. கார் வடக்கு நோக்கி வந்ததால் அது கிழக்கு உந்தம் எதையும் கொண்டுவரவில்லை. ஆகவே அந்த ஐந்து பங்கும் பேருந்து கொண்டுவந்தது. இரண்டு பங்கும் கார் கொண்டுவந்தது. பங்கை எடையால் வகுத்தால் வேகங்களின் வீதம் கிடைத்துவிடும்.

எடையை அந்தர்க் கணக்கில் எடுத்தோம். இருபது அந்தர் ஒரு டன். கார், அதிலிருந்த நால்வரையும் சேர்த்து முப்பது அந்தர். பேருந்து வெறும் வண்டியாக நாற்பத்து நான்கு. பயணிகளும் ஓட்டுநருமாகப் பதினாறு பேர். ஆளுக்கு ஓர் அந்தர் என்று நான் எழுதியதைப் பேராசிரியர் நம்பவில்லை. மாணவர் பதினாறு பேரைப் பருத்திக் கிடங்குத் தராசில் ஏற்றி இறக்கச் செய்தார். கொஞ்சம் கூடக்குறைய அவ்வளவே வந்தது. கூரைமேல் சரக்கு எதுவும் உண்டா என்று முத்துக்கருப்பனிடம் கேட்டு அனுப்பினோம். இல்லை என்று விடை வந்தது. பேருந்து அறுபது, கார் முப்பது.

ஐந்தை அறுபதால் வகுத்தேன். இரண்டை முப்பதால் வகுத்தேன். பேருந்தின் வேகம் ஐந்து என்றால் காரின் வேகம் நான்கு. விரைந்து வந்தது நம் கட்சிக்காரரே.

முடிவைக் கேட்க முத்துக்கருப்பன் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், ஒரு கையில் கட்டு. பேராசிரியர் வகுப்பில் இருந்ததால் நானே தாளைக் காட்டிச் சொன்னேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"பொய்யி சார்" என்றார்.

"கணக்கு பொய் சொல்லாது."

"கணக்குக்கு என்ன சார் தெரியும், அது என்ன ஸ்டேரிங்கைப் பிடிச்சுச்சா? அந்த வண்டியால வேகமா ஓடவே முடியாது சார். அம்புட்டு பாரத்தை வச்சுக்கிட்டு எங்கிட்டு ஓட?"

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"எம்புட்டு பாரம்?" என்று அவர் மொழியிலேயே கேட்டேன்.

அவர் கண்ணாடிப் பலகையைத் தடவினார். விரலில் கோலமாவு ஒட்டியது. அதைத் துடைத்துக்கொண்டே, "முப்பது கூடை" என்றார்.

முழு வரலாறும் அப்போது வந்தது. தை மாதம், கல்யாண முகூர்த்தங்கள் நெருக்கம். சோழவந்தான் வெற்றிலைக்கு மதுரையில் அடிபிடி. ஆள் ஏற்ற மட்டுமே உரிமம் பெற்ற பேருந்தின் கூரையிலும் இருக்கைகளின் அடியிலும் முப்பது கூடைகளை ஏற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒரு கூடைகூடக் கீழே விழவில்லையாம். மோதிய அரை மணிக்குள், வெயில் பட்டால் இலை கருகிவிடும் என்று வியாபாரிகள் மாட்டுவண்டி பிடித்து அத்தனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காவலர் வந்தபோது கூடை இல்லை. சரக்கைப் பற்றி மூச்சு விட்டால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"சார், சின்னத் தப்பை மறைச்சாப் பெரிய தப்புல இருந்து தப்பிச்சுக்கலாம்னு நெனச்சேன்."

"மறைத்ததால்தான் மாட்டிக்கொண்டீர். வண்டி எவ்வளவு கனமோ அவ்வளவு குறைந்த வேகமே அந்த ஐந்து பங்குக்குப் போதும். நீர் எடையைக் குறைத்துச் சொன்னீர். கணக்கு உம் வேகத்தைக் கூட்டிவிட்டது."

அவர் அதைப் புரிந்துகொள்ள எடுத்துக்கொண்ட நேரம் என் மாணவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிடக் குறைவு.

"அப்ப முப்பது கூடையையும் சொன்னா நான் தப்பிச்சுருவேன். ஆனா வேலை போயிரும்" என்றார். "ஜெயிலுன்னா மூணு மாசம். வேலை போனா எம்புட்டு மாசம் சார்? அதுக்கு ஒரு கணக்கு இருக்கா?"

நான் தாளை மடித்தேன்.

"நாளைக்கு வாரேன் சார்" என்று எழுந்து போனார்.

அன்று மாலை பேராசிரியரிடம் சொன்னபோது அவர் பென்சிலைச் சிவப்பு முனைக்கும் நீல முனைக்குமாகப் புரட்டிக்கொண்டே இருந்தார். "அவர் சொன்னாத்தான் நாம சொல்லலாம். அவர் சொல்லலேன்னா இந்தத் தாளையே வக்கீலண்டை கொடுக்கப்படாது. அறுபது தப்புன்னு தெரிஞ்சப்புறம் அறுபதை எழுதினா அது கணக்கில்லை ஓய்" என்றார்.

மறுநாள் காலை முதல் மணி அடிக்கும் முன்பே முத்துக்கருப்பன் கல்லூரி வாயிலில் நின்றார்.

"சொல்லிருவோம் சார். ஆனா நீங்க சொல்ல வேணாம். நானே சொல்றேன்."

"வேலை?"

"வேகமா ஓட்டுனவன்னு பேரு வாங்கிட்டு எவங்கிட்ட சார் வேலை கேக்குறது? பாரம் ஏத்துனவன்னு பேரு வாங்குனா நாலு பேரு கூப்பிடவாவது செய்வான்."

இப்போது ஒரு கூடையின் எடை வேண்டும். வெற்றிலையைக் கவுளி என்னும் கட்டுகளாக எண்ணி விற்பார்களேயன்றி நிறுத்து விற்பதில்லை. ஆகவே யாருக்கும் தெரியவில்லை. பருத்திக் கிடங்கில் ஒரு தொங்குதராசை இரவல் வாங்கிக்கொண்டு சோழவந்தானுக்குப் போனேன். வெற்றிலை வியாபாரி பேச்சியம்மாள் தம் களத்தில் கூடை ஒன்றைக் காட்டினார். அறுபது வயது மதிக்கத்தக்கவர். அந்த முப்பதில் பன்னிரண்டு கூடை அவருடையது. வாழைச்சருகும் வைக்கோலும் வைத்து, இலையை அடுக்கி, சாக்கால் மூடித் தைத்த பெரிய கூடை. நிறுத்தேன். முக்கால் அந்தர். முப்பது கூடைக்கு இருபத்திரண்டரை. அங்கேயே தாளை முழங்காலில் வைத்துக் கணக்கிட்டேன். பேருந்து ஐந்து என்றால் கார் ஐந்தரை. நிலைமை மாறிவிட்டது. மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டு தராசை மடக்கினேன்.

"என்னய்யா, அம்புட்டுத்தானா?" என்றார் பேச்சியம்மாள்.

"ஆமாம் அம்மா. எடை தெரிந்துவிட்டது."

"காஞ்ச கூடைய நிறுத்துட்டு எடை தெரிஞ்சுபோச்சாம்ல!" என்று பக்கத்திலிருந்த பெண்களைப் பார்த்துச் சொன்னார். சிரிப்பு களம் முழுதும் பரவியது. "ஏய்யா, படிச்ச மனுசன்தானே நீங்க? நனைக்காத வெத்தலைய எவனாச்சும் வண்டியில ஏத்துவானா? மதுரை போறதுக்குள்ள சருகாப் போயிருமே!"

கூடையை இருவர் தூக்கிக்கொண்டு போய் வாய்க்காலில் முக்கினர். மூச்சுமுட்டியவனைப் போல அது குமிழி விட்டது. தூக்கி, நீர் ஒழுகி நிற்கும்வரை கல்லின்மேல் வைத்தனர். வழக்கமாக எவ்வளவு நேரம் வைத்தபின் ஏற்றுவார்களோ அவ்வளவு நேரம் வைக்கச் சொன்னேன். பிறகு நிறுத்தேன். சாக்கும் வைக்கோலும் குடித்த நீரோடு சேர்த்து ஓர் அந்தர். ஐயம் தீர இன்னும் நான்கு கூடைகளை முக்கச் செய்தேன். ஒன்று சற்றுக் கூட, ஒன்று சற்றுக் குறைய. சராசரி அதே ஓர் அந்தர்.

"கோர்ட்டுல நனைச்சதான்னு கேட்டா யாரு சொல்லுவா? நானும் வாரேன்" என்றார் பேச்சியம்மாள்.

முப்பது கூடைக்கு முப்பது அந்தர். பேருந்து தொண்ணூறு, கார் முப்பது. ஐந்தைத் தொண்ணூறால் வகுத்து, இரண்டை முப்பதால் வகுத்தால், பேருந்து ஐந்து, கார் ஆறு.

வழக்கு நாளன்று நீதிமன்றத்தில் முதலில் முத்துக்கருப்பன் நின்றார். நீதிபதி கேட்டதும், "முப்பது கூடை ஏத்தியிருந்தேன்யா. ஏத்தக்கூடாதுன்னு தெரியும். அந்தத் தப்பு என்னோடது. வேகம் என்னோடதில்லை" என்றார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பேருந்து முதலாளி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். முத்துக்கருப்பன் அவர் போவதைப் பார்த்தார். கதவு சாத்தப்பட்ட ஓசையும் கேட்டது. அதன்பின் அவர் நிமிர்ந்தே நின்றார்.

அடுத்து பேச்சியம்மாள். கூடைகள் நனைந்திருந்தனவா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். "நனைக்காத வெத்தலைய நீங்க வாங்குவீகளா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். வழக்கறிஞரின் உதடுகள் அன்று காலை போட்ட வெற்றிலையால் சிவந்திருந்ததை அனைவரும் அப்போதுதான் கவனித்தனர்.

பிறகு நான். நீதிமன்ற மொழி ஆங்கிலம். நினைவில் நிற்பதைத் தமிழில் தருகிறேன். ஒரு பெரிய தாளில் நடுக்கோடிட்டு, சிவப்பால் கிழக்கும் நீலத்தால் வடக்கும் எழுதி நீதிபதியின் முன் விரித்தேன். பென்சில் பேராசிரியருடையது, அன்று காலை தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, தொலைத்துவிட வேண்டாம் என்று மும்முறை சொல்லியிருந்தார்.

"விபத்து நடந்தபோது நீர் அங்கே இருந்தீரா?" என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்.

"இல்லை."

"அப்படியிருக்கப் பேருந்தின் வேகம் எவ்வளவு என்று உமக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

அவர் நீதிபதியைப் பார்த்து முறுவலித்தார். வழக்கறிஞர் சங்கரலிங்கம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எந்த வண்டியின் வேகமும் எனக்குத் தனியே தெரியாது" என்று தொடர்ந்தேன். "ஒன்றைத் தாங்கள் சொன்னால் மற்றொன்றை நான் சொல்ல முடியும்."

"நல்லது. கார் மணிக்குப் பதினைந்து மைல் வேகத்தில் வந்தது. அதன் உரிமையாளரே எழுதிக்கொடுத்திருக்கிறார்."

"அப்படியானால் பேருந்து பன்னிரண்டரை மைல் வேகத்தில் வந்தது."

"அபத்தம்! பேருந்து முப்பது மைல் வேகத்தில் வந்தது."

"அப்படியானால் கார் முப்பத்தாறு மைல் வேகத்தில் வந்தது."

நீதிபதி கையால் வாயை மூடிக்கொண்டார். கையை எடுத்தபோது முகம் நீதிபதியின் முகமாக மாறியிருந்தது. "வழக்கறிஞரே, தங்களுக்கு எந்த எண் வேண்டும்? ஒன்றை எடுத்தால் மற்றொன்றும் கூடவே வருகிறது" என்றார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தாளைத் தம் பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தார். கிழக்கையும் வடக்கையும் கூட்டிப் பார்க்கிறார் என்பது அவர் விரல் போன போக்கிலேயே தெரிந்தது. பேராசிரியர் இருந்திருந்தால் கல்யாணத்துக்கு நாள் கேட்டிருப்பார்.

விரைந்து ஓட்டிய குற்றத்திலிருந்து முத்துக்கருப்பன் விடுபட்டார். பாரம் ஏற்றியதற்கு அபராதம் விதிக்கப்பட்டது. அதைக் கட்ட ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். உரிமம் கையில் இருந்தது. வேலை அன்று பிற்பகலே போயிற்று.

நான் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தபோது பேராசிரியர் முதலில் அதன் இரு முனைகளையும் பார்த்தார். நீலம் சற்று மழுங்கியிருந்தது. பிறகே, "என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

நாலு பேர் கூப்பிடுவார்கள் என்று முத்துக்கருப்பன் போட்ட கணக்கும் சரியாகவே அமைந்தது. ஆனால் ஏழு மாதம் கழித்து. அந்த ஏழு மாதமும் அவர் என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. ஒரு நாள் அவனியாபுரத்தில் ஒரு பட்டறையில் அவர் கரிபடிந்த கைகளோடு திருகாணி முடுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். இருவரும் கைகூப்பிக்கொண்டோம். அதன்பின், பேச்சியம்மாளும் மற்ற வியாபாரிகளும் சேர்ந்து சரக்கு ஏற்றவே உரிமம் பெற்ற லாரி ஒன்றை அமர்த்தினார்கள். பாரத்தைப் பற்றி நீதிபதியிடமே பொய் சொல்லாதவன் தங்களிடமா சொல்லப்போகிறான் என்பது பேச்சியம்மாளின் வாதம். ஓட்ட வேறு ஆளைத் தேடவில்லை.

என் மாமனார் வீடு சோழவந்தானில். விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போது சில முறை அந்த லாரியில், ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் வந்திருக்கிறேன். அந்த நாற்சந்தி வந்ததும் முத்துக்கருப்பன் லாரியை முற்றாக நிறுத்துவார். தெற்கே பார்ப்பார், வடக்கே பார்ப்பார். பின்னால் வரும் வண்டிக்காரர்கள், "என்ன மாப்ள, சாமி கும்புடுறியா?" என்று கத்துவார்கள். அவர் அசையமாட்டார். கிளம்பும் முன், நான் கேளாமலே, என் பக்கம் திரும்பிச் சொல்வார்:

"இன்னைக்கு நாப்பத்தோரு கூடை சார். நனைச்சது."